கணக்கில் வராத தூக்கம்

எங்கள் மாடிவீட்டுக்காரர் அறிமுகமான அன்று பெயரைச் சொல்வதற்கு முன்பே, "நான் நாலு மணி நேரத்துக்கு மேல தூங்கறதில்ல சார்" என்றார். சிலர் பையன் அமெரிக்காவில் இருப்பதைச் சொல்வார்கள், சிலர் சர்க்கரை அளவைச் சொல்வார்கள். இவருக்கு இதுதான் சொத்து.

விடிகாலை 3.50க்கு அவர் எழுந்துவிட்டார் என்பதற்கு அத்தாட்சியாக ரோஜாப்பூவோடு வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் வந்து விழும். அதற்குத் தப்பியவர்களைத் தண்ணீர் மோட்டார் எழுப்பும். அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. பால் பாக்கெட் வர ஐந்தேகால், பேப்பர் வர ஆறு. பால்கனியில் நின்று கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். மிச்சம் பிடித்த நேரத்தில் பாதி, ஊர் எழுந்திருக்கக் காத்திருப்பதில் போகும். மீதி, எழுந்திருக்காதவர்களை நினைத்து வருத்தப்படுவதில்.

கேட்டால், "பிரம்ம முகூர்த்தம் சார்!" என்பார். அது சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்னால் தொடங்கி 48 நிமிடம் இருப்பது. ஆறு மணிக்கு உதயம் என்றால் 4.24க்குத்தான் ஆரம்பமே. பிரம்மாவையும் அரை மணி முந்திக்கொண்டு மோட்டார் போடுகிறார் மனுஷன்.

இருவருக்கும் பாரிமுனையில் வேலை. தாம்பரத்தில் பீச் வண்டி ஏறி ஜன்னலோரம் உட்காருவார். சானடோரியம் வரை நாட்டு நடப்பு. குரோம்பேட்டையில் வாக்கியம் வினைமுற்று இல்லாமல் நிற்கும். பல்லாவரத்தில் அவர் தலை என் தோளுக்கு வந்துவிடும். மடியிலிருக்கும் சாப்பாட்டுப் பையை விரல்கள் மட்டும் விடாது. மாம்பலத்தில் கூட்டம் காலை மிதித்துக்கொண்டு இறங்கினாலும் அசைய மாட்டார். கோட்டை ஸ்டேஷனில் கண்ணைத் திறந்து, குரோம்பேட்டையில் விட்ட வினைமுற்றைச் சொல்லி முடிப்பார்.

"தூங்கிட்டீங்களா சார்?"

"சேச்சே, கண்ணை மூடி யோசிச்சிட்டிருந்தேன்."

ஆபீசில் அவருக்குத் தணிக்கைப் பிரிவு. அடுத்தவர் கணக்கில் ஐந்து ரூபாய் விட்டுப்போனாலும் விட மாட்டார். அவர் கணக்கை நான் ஒருநாள் போட்டுப் பார்த்தேன். ராத்திரி 4 மணி நேரம். ரயிலில் போக வர ஒன்றரை. தயிர்சாதத்துக்குப் பின் மேஜையில் 40 நிமிடம். சாயங்காலம் சீரியல் முன்னால் ஒரு மணி (இது அவர் வீட்டம்மா கொடுத்த புள்ளிவிவரம்). ஆக மொத்தம் 7 மணி 10 நிமிடம். அவருடைய மோட்டார் புண்ணியத்தில் எனக்குக் கிடைப்பது ஆறரை.

பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று 2015இல் அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் சொன்னதை ஒருதரம் அவரிடம் எடுத்துவிட்டேன்.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் உடம்புக்கு சார். எடிசன் நாலு மணி நேரந்தானே தூங்கினார்?"

எடிசன் எந்த ஊர்க்காரர் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். நியூஜெர்சியில் அவர் ஆய்வுக்கூடத்து நூலகத்திலேயே ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். பகலில் அப்பப்போ கண்ணயர்வாராம். அந்தக் கட்டில் இன்னும் அங்கே இருக்கிறது. அவருக்குக் கட்டில், இவருக்கு என் தோள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து கதவைத் தட்டினார். நான் லுங்கியை இறுக்கிக்கொண்டு திறந்தேன். "இன்னுமா தூக்கம்? வாழ்க்கையில மூணுல ஒரு பங்கை இப்படியே தொலைக்கிறீங்களே" என்று பிரம்பு நாற்காலியில் சாய்ந்தார். என் மனைவி காபி கலந்து எடுத்து வருவதற்குள் வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்பப் போனவளைத் தடுத்துவிட்டு, டம்ளரை டபராவால் மூடிவைத்து, மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்தேன். முக்கால் மணி கழித்துத் தானாக எழுந்து, ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"என்ன சார், இப்படி ஆறிப்போச்சு? உங்க வீட்ல எல்லாமே லேட்டுதான்."