சுறாவுக்குப் பதில் கடமை புரியுமா?

இலங்கையின் மன்னார்ப் பக்கத்துக் கொண்டச்சிக் குடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடலில் இறங்காமலே சம்பளம் வாங்கிய ஓர் ஆள் இருந்தார். கடல்கட்டி என்பார்கள். அவர் கரையில் மந்திரம் சொன்னால் கடலுக்குள் சுறாவின் வாய் கட்டுப்பட்டுவிடும். சம்பளம் கொடுத்தது யார் என்கிறீர்கள்? பீரங்கியால் ஊர் ஊராகப் பிடித்த பிரிட்டிஷ் அரசாங்கம்!

துரைமார் மந்திரத்தை நம்பினார்களா? சேச்சே. கடல்கட்டி வராவிட்டால் குளியாட்கள் தோணியை விட்டு இறங்கமாட்டார்கள். அவர்கள் இறங்காவிட்டால் சிப்பி இல்லை, சிப்பி இல்லாவிட்டால் வருமானம் இல்லை. கணக்குப் புத்தகத்தைப் பார்த்ததும் பகுத்தறிவு பேசாமல் கையெழுத்துப் போட்டது.

தொழில் பழசு. 13ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கடல் பக்கத்து முத்துக்குளிப்பை எழுதிய மார்க்கோ போலோ, மந்திரக்காரருக்கு 20இல் ஒரு பங்கு போனதாகச் சொல்கிறார். ராத்திரியானால் மந்திரத்தை ஆஃப் செய்துவிடுவார்களாம், யாரும் களவாகக் குளிக்கக்கூடாதென்று. சுறாவையே வாட்ச்மேன் ஆக்கிய மூளை!

ராபர்ட் பெர்சிவல் இலங்கையைப் பற்றி 1803இல் வெளியிட்ட புத்தகத்தில் மந்திரக்காரரின் விரதம் வருகிறது. அன்ன ஆகாரம் தொடக்கூடாத நேரத்தில் சிலர் கள்ளை ஏற்றிக்கொண்டு, நின்று ஜெபிக்க முடியாமல் கிடந்தார்களாம். கட்டியவர் தள்ளாட, கட்டுண்டவர் நிதானமாக நீந்தியிருப்பார்.

இனி ஐரோப்பா. மந்திரம் சுறாவை அசைக்குமா என்பது போன்ற ஒரு கேள்வி அங்கேயும் இருந்தது. மனம் வேறு, உடம்பு வேறு. மனம் பொருளே அல்ல என்றார் பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்ட். 1643இல் பொஹீமியா இளவரசி எலிசபெத் கடிதம் போட்டார்: பொருளல்லாத மனம் பொருளான உடம்பை எப்படி ஐயா அசைக்கும்? சுற்றிவளைத்து எழுதிப் பார்த்த மேதை, கடைசியில் இதையெல்லாம் ரொம்ப யோசிக்க வேண்டாம் என்று இளவரசிக்கே புத்தி சொன்னார். பதில் தெரியாத டியூஷன் வாத்தியார்கள் அன்றும் இருந்தார்கள்.

மிருகங்கள் வெறும் யந்திரம், அவற்றுக்கு ஆன்மா இல்லை என்பதும் அவர் கட்சிதான். மன்னார்ச் சுறா அதைப் படிக்கவில்லை. பிரிட்டிஷ் அதிகாரி எமர்சன் டெனன்ட் முத்துக்குளிப்பைப் பார்க்க வந்தபோது கடல்கட்டிக்குச் சுகமில்லை. மனிதர் கத்தோலிக்கர் வேறு! பதிலுக்கு ஓர் ஆளை அனுப்பியிருந்தார். எனக்கு மந்திரம் தெரியாது, ஆனால் அவருடைய பிரதிநிதியாக நான் வந்திருப்பதே சுறாவுக்குப் போதும் என்று டெனன்டிடமே அந்த ஆள் உறுதி சொன்னார். பதில் கடமை உத்தியோகத்தரை மதிக்கும் சுறா! நம் கந்தோர்களில்கூட அந்த ஒழுங்கு இல்லை.

சிரிக்கலாம். ஆனால் பயந்தவனுக்கு நெஞ்சு படபடக்கும், பிடித்த மூச்சு சீக்கிரம் தீரும். தைரியமாக இறங்குகிறவன் இன்னும் நாலு சிப்பி அள்ளுவான். மந்திரம் சுறாவின் வாயைக் கட்டியதோ இல்லையோ, குளியாளின் பயத்தைக் கட்டியது. அது மனத்தின் வேலையா, காது வழியாக மூளைக்குப் போன வெறும் சத்தத்தின் வேலையா என்று கேட்டால், டெக்கார்ட் பக்கம் நான் வரமாட்டேன். சத்தம்தான் என்பேன்.

1925க்குப் பிறகு கொண்டச்சிக் குடாவில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கடல்கட்டிக்கும் வேலை போயிற்று. எலிசபெத்தின் கேள்விக்கு மட்டும் பல்கலைக்கழகங்களில் இன்றும் ஆள் எடுக்கிறார்கள்.