பிளாட்டினத்துக்கு எதற்கு உடல்வாகு?

கேள்வி: திரவத்திலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் வினையூக்கி உருண்டையாக இருந்தால் என்ன, வளையமாக இருந்தால் என்ன? மாப்பிள்ளையா பார்க்கப் போகிறோம்?

பதில்: மாப்பிள்ளைக்குக் குணம் போதும்; வினையூக்கிக்கு உடல்வாகும் வேண்டும்!

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்தில் ஆராயப்படும் பெர்ஹைட்ரோ டைபென்சைல்டொலுயீன் என்ற எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு லிட்டர், 300 டிகிரி செல்சியஸ் சூட்டில் பிளாட்டின வினையூக்கியைத் தொட்டதும் ஹைட்ரஜனை விடத் தொடங்கும். அத்தனையையும் சேர்த்து ஆறவைத்து அளந்தால் 600 லிட்டருக்கும் மேல்! இந்த வாயு, பிளாட்டினத்தைத் தாங்கும் அலுமினா உருண்டையின் நுண்துளைகளுக்குள் குமிழியாகப் பிறக்கிறது. வெளியேற வழி? எண்ணெய் உள்ளே வரும் அதே துளைதான். உருண்டை பெருத்தால் நடுவிலிருக்கும் பிளாட்டினத்துக்கு எண்ணெயும் எட்டாது, வெப்பமும் போதாது. இத்தனை விலையுயர்ந்த உலோகம் அங்கே சும்மா கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதனால்தான் முட்டைக்கு ஓடு மாதிரி, மேல்தோலில் மட்டும் பிளாட்டினம் ஏற்றுகிறார்கள்.

அப்படியானால் பொடித்துவிடலாமே என்பீர்கள். பொடித்தால் இடைவெளி அடைத்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும். வளையமும் சல்லடைபோன்ற உலோக நுரையும் களத்துக்கு வந்தது இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான். உலோக நுரைக்கு இன்னொரு வலுவும் உண்டு: வெப்பத்தை வேகமாக உள்ளே கடத்தும்.