பிள்ளைகள் கதை எழுதாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

திருநெல்வேலிப் பக்கத்தில் பிள்ளை பெற்றவர்களுக்கு மட்டும் இது. மற்ற ஜில்லாக்காரர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். பொதிகையில் அகத்தியர் உட்கார்ந்து தமிழுக்கு இலக்கணம் செய்தார் என்பது ஐதீகம். அங்கே புறப்பட்டு வருகிற ஆற்றுத் தண்ணீரைக் குடித்த பிள்ளை உருப்படியாகக் கணக்கா போடும்? நான் கேன் தண்ணீருக்கு மாறிப் பார்த்தேன். அப்புறம்தான் இடைசெவல் ஞாபகம் வந்தது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமம் அது. தாமிரபரணி எட்டிப் பார்க்காத இடம். அந்த ஒரே ஊரில் கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்று இரண்டு பேர். கூட்டாளிகள் வேறு. இரண்டு பேருக்கும் சாகித்திய அகாதமி. கேன்காரனை நிறுத்திவிட்டேன்.

சரி, படிப்பை நிறுத்திவிட்டால்? கி.ரா. பள்ளிக்கூடத்தைத் தாண்டவில்லை. புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராகவே கூப்பிட்டுக்கொண்டது. வக்கீலுக்குப் படிக்கவைத்தாலும் ஆபத்துதான். சட்டம் படித்த டி.கே.சி.யின் வீட்டு வட்டத்தொட்டியில் கட்சிக்காரர்களா வந்து உட்கார்ந்தார்கள்? கம்பன் பாட்டு கேட்கிற ரசிகர் கூட்டம் உட்கார்ந்தது.

உத்தியோகம் பார்த்தால் சரியாகிவிடும் என்று சொல்லும் அண்ணாச்சிமார் உண்டு. அழகிரிசாமி பத்திரப் பதிவு ஆபீசில் குமாஸ்தா. விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனார். பாங்கு வேலை என்றால் விடமாட்டார்கள் என்று நம்பினேன். வண்ணதாசன் விடவில்லை, ஸ்டேட் பாங்கில் முறையாக வேலை பார்த்தார். கதையும் எழுதினார், கல்யாண்ஜி என்று இன்னொரு பெயர் வைத்துக்கொண்டு கவிதையும் எழுதினார். அப்பா தி.க.சி.க்கு 2000இல் அகாதமி விருது, மகனுக்கு 2016இல். பரம்பரையாகப் போகும் போலிருக்கிறது. சம்பந்தம் பேசுகிறவர்கள் ஜாதகத்தோடு இதையும் விசாரிப்பது நல்லது.

கடைசியில் பயமுறுத்திப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அதற்குப் புதுமைப்பித்தனைவிட நல்ல உதாரணம் கிடையாது. தாசில்தார் வீட்டுப் பிள்ளை, பெயர் விருத்தாசலம். இங்கே இந்துக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். அந்தக் காலத்து பி.ஏ.வுக்கு எந்தக் கச்சேரியில் நாற்காலி கிடைக்காது? சென்னைக்குப் போய் மணிக்கொடியில் எழுதினார், தினமணியில் வேலை பார்த்தார். கடவுளே மனித உருவில் பட்டணத்துக்கு வந்தாலும், அவரிடம் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கேட்கிற ஒரு கந்தசாமிப் பிள்ளையைப் படைத்தார். (இந்தக் கிண்டல் மட்டும் ஆற்றுத் தண்ணீர்தான், சந்தேகமே இல்லை.) சினிமாவுக்கு எழுதப் புனே போனவரைக் காசநோய் பிடித்தது. 1948இல் திருவனந்தபுரத்தில் போய்ச் சேர்ந்தார். வயது 42.

இதை ஒரு ராத்திரி, சோறு போட்டுக்கொண்டே, மகளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். எனக்கே தொண்டை கம்மிவிட்டது. அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

“அவரு சம்சாரம் கமலாம்மாளுக்கு எழுதின கடுதாசியெல்லாம் புஸ்தகமா வந்திருக்காம்லாப்பா? வாங்கித் தாங்களேன்” என்றாள்.

இனிமேல் கதை சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். அந்த வழி கண்டிப்பாக உதவாது.

போன வாரம் அவளுடைய நோட்டைக் கைப்பற்றினேன். எதிர்வீட்டு ஆச்சி அல்வாக் கடை வரிசையில் நிற்கிறாள். அவளுக்கு முன்னால் நிற்கிற ஆள், செத்துப்போன அவள் புருஷன் மாதிரியே இருக்கிறான். அவன் திரும்பப் போகிற இடத்தில் பக்கம் தீர்ந்துவிட்டது. ஆச்சியைத் தினமும்தான் வாசலில் பார்க்கிறேன். இப்போது அவள் முகத்தைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கிறது.

நோட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தேன். வீட்டுக்காரி கண்டுபிடித்துப் படித்துவிட்டு, “திரும்பினானா இல்லையா, அதை எழுதச் சொல்லுங்க” என்கிறாள். புது நோட்டு ஒன்று வாங்கவேண்டும். கோடு போட்டதா, போடாததா, எதில் எழுத வசதி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.