எட்டு மைல் ஆகாது, எண்ணூறு மைல் ஆகும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவருக்கு உற்றார் உறவினர் எல்லோரும் சொல்லும் முதல் புத்திமதி, "தூரமெல்லாம் கொண்டுபோகாதீங்க, பக்கத்துல மட்டும் ஓட்டுங்க" என்பதுதான். இங்கிலாந்தில் இந்தப் புத்திமதிக்கென்று ஒரு சடங்கே இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை வராது என்று வானிலை அறிக்கை சத்தியம் செய்த பிறகு, போர்வையை விலக்கிக் காரைத் துடைத்து, நாலு மைல் தள்ளியிருக்கும் மதுவிடுதி வரை மெதுவாக ஓட்டிப்போய், நாலு பேர் கண்ணில் படும்படி நிறுத்திவைத்து, நாலு மைல் திரும்பி வந்து, மறுபடி போர்வை போர்த்திக் கராஜ் கதவைச் சாத்துவார்கள். உற்சவமூர்த்தியை வீதி சுற்றிக் கொண்டுவந்து வைப்பது மாதிரி. சாமிக்கு அது போதும்; சாமிக்கு எஞ்சின் ஆயில் கிடையாது. காருக்கு இதைவிடப் பெரிய கொடுமை வேறில்லை என்பது என் கட்சி. பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குத் தூரப் பயணம் ஒத்துக்கொள்ளாது என்பது தலைகீழ்ப் பேச்சு. அதற்கு ஒத்துக்கொள்ளாதது கிட்டத்துப் பயணம்தான்.

பொத்தாம்பொதுவாகப் பேசினால் ஆளாளுக்கு ஒரு காரை நினைத்துக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். அதனால் ஒன்றைப் பிடித்துக்கொள்வோம்: எம்.ஜி.பி. எம்.ஜி. என்ற இரண்டு எழுத்தைப் பார்த்ததும் மூன்றாவதைத் தானாகவே சேர்த்துப் படித்துவிடும் கண்கள் நம்முடையவை. மன்னிக்க வேண்டும், இது ஆக்ஸ்ஃபோர்டின் மாரிஸ் காரேஜஸ். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். 1798 சிசி எஞ்சின், 95 குதிரைத்திறன். அந்த எஞ்சினின் குலம் கோத்திரம் நமக்குத் தெரியாததல்ல. பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் என்ற அந்தக் குடும்பத்தில் 1489 சிசிக்காரர் ஒருவர் உண்டு. அவர்தான் நம் அம்பாசடருக்குள் உட்கார்ந்து, அமைச்சர்களையும் கல்யாண கோஷ்டிகளையும் ஊர் ஊராக இழுத்தவர். எம்.ஜி.பி.யின் முகப்பைத் திறந்து பார்த்தால், பங்காளி வீட்டுப் பையன் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு நிற்பது தெரியும். அம்பாசடரைப் பார்த்து "தூரம் தாங்குமா?" என்று யாரும் கேட்டதில்லை.

நாலு மைல் பயணத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எஞ்சினைக் கிளப்பிய சில நிமிடங்களில் ரேடியேட்டர் தண்ணீர் சூடாகி, முள் நடுவில் வந்து நிற்கிறது. ஓட்டுபவர் மனம் குளிர்கிறார். ஆயில் அப்படியெல்லாம் அவசரப்படாது. கூட்டுக்குடும்பத்துத் தாத்தா போல, வீட்டில் எல்லோரும் எழுந்து காப்பி குடித்து முடித்த பிறகுதான் அது கண் திறக்கும். ஆயில் உள்ளபடியே சூடேற இருபது நிமிடமாவது ஓட வேண்டும். அதற்குள் மதுவிடுதி வந்துவிடுகிறது. பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் பிறக்கும் என்பது பள்ளிக்கூட வேதியியல். அந்த ஆவியில் ஒரு பங்கு குளிர்ந்த எஞ்சினுக்குள் இறங்கித் துளித்துளியாகப் படிந்து ஆயிலில் கலக்கிறது, எரிந்த மிச்சங்களோடு சேர்ந்து அமிலமாகிறது. நூறு மைல் ஓடியிருந்தால் ஆயிலின் சூட்டிலேயே காய்ந்து வெளியே போயிருக்கும். எட்டு மைல்காரர் அதை உள்ளேயே தங்கவைத்து, மேலே போர்வையும் போர்த்துகிறார். சைலன்சருக்குள்ளும் இதே தண்ணீர் தேங்கி, தகட்டை உள்ளிருந்து அரிக்கிறது. போதாக்குறைக்குச் சோக் வேறு. குளிர்ந்த எஞ்சின் சோக்கை இழுக்காமல் கிளம்பாது. இழுத்தால் கூடுதலாக வந்து விழும் பெட்ரோல், சிலிண்டர் சுவரில் இருக்கும் கொஞ்சநஞ்ச ஆயிலையும் கழுவிவிடுகிறது. போகும்போது ஒரு கழுவல், நிறுத்திவிட்டுத் திரும்பும்போது இன்னொரு கழுவல்.

சும்மா நிற்கும் நாட்களின் கணக்கு தனி. பிரேக் ஆயிலுக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. அந்த ஈரம் பிரேக்குக்குள் இருக்கும் பிஸ்டனைத் துருப்பிடிக்கச் செய்து இறுக வைக்கிறது. ஒரு குளிர்காலம் முழுக்க அசையாமல் நின்றால் கிளட்ச் தட்டு ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்க வந்தவரை எதிரியாகப் பார்க்கும். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர்க் குழாய்களைத் தின்னும். டாங்கியில் வாரம் ஒருமுறை புதுப் பெட்ரோல் நிரப்பி எரிப்பவருக்கு இதில் பாதித் தொல்லை இல்லை. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் எஸ்.யு. என்ற மின்சாரப் பெட்ரோல் பம்ப் ஒன்று இருக்கிறது. ஓடுகிற வரை டிக் டிக் என்று எதையோ எண்ணிக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் வேலை கொடுக்காவிட்டால் பாயிண்டில் படலம் படிந்து மௌனவிரதம் பூண்டுவிடும். கீழே குனிந்து ஸ்பானரின் பிடியால் இரண்டு தட்டு தட்டுவதுதான் அதற்கு வைத்தியம். பழைய வானொலிப் பெட்டி இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மின்சாரத்தைப் பற்றிப் பேசாமல் பிரிட்டிஷ் காரைப் பற்றிப் பேச முடியாது. மின்பாகங்கள் லூகாஸ் கம்பெனியுடையவை. சென்னைப் பாடிப் பக்கம் பேருந்து நிறுத்தத்துக்கே பெயராகிவிட்ட அதே லூகாஸ். அதை நிறுவியவருக்கு இங்கிலாந்துக்காரர்கள் 'இருளின் இளவரசர்' என்று பட்டம் கட்டிச் சிரிப்பார்கள். நகைச்சுவை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த இருட்டில் பெரும்பங்கு எர்த் வயர் துருப்பிடித்ததால் வருவது. துருவுக்குக் காரணம் நிறுத்திவைத்தது. 1967 வரை வந்த எம்.ஜி.பி.க்களில் ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோதான். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது டைனமோ சார்ஜ் ஏற்றாது. ஒவ்வொரு சிக்னலிலும் சிவப்பு விளக்கு எரிந்து அதை ஒப்புக்கொள்ளும். காரைக் கிளப்பப் பேட்டரியிலிருந்து வாங்கிய கடனைத் திறந்த சாலையில் நல்ல ஓட்டம் ஓடித்தான் அடைக்க முடியும். எட்டு மைல்காரர் வட்டிகூடக் கட்டாமல் கடன்மேல் கடன் வாங்குகிறார். அந்தப் பேட்டரியையும் எங்கே வைத்தார்கள்? 1974 வரை 6 வோல்ட் பேட்டரி இரண்டை, சீட்டுக்குப் பின்னால், தரைக்கு அடியில், பெட்டி படுக்கை எல்லாவற்றையும் இறக்கிய பிறகே கண்ணில் படும் இடத்தில் புதைத்து வைத்தார்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் என்னிடம் சமாதானம் இல்லை.

"தூரம் போனால் தாங்கும் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்பார்கள். 1963-இல் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில், ஆரம்பத்திலேயே எம்.ஜி.பி.யை மணலில் கொண்டுபோய்ச் செருகினார் ஆலன் ஹட்செசன். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் தோண்டி வெளியே எடுத்தார். அதற்குப் பிறகும் அவரும் பேடி ஹாப்கிர்க்கும் மாறிமாறி ஓட்டி, பந்தயத்தை முடித்து 12-ஆவதாக வந்தார்கள். 1966-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் 'மாரத்தான் டி லா ரூட்' என்று 84 மணி நேரப் போட்டி. மூன்றரை நாள் ஓய்வில்லாமல் ஓட வேண்டும். வென்றது எம்.ஜி.பி. வேறு குடும்பத்துச் சாட்சி வேண்டுமானால் ஜாகுவார் ஈ-டைப் இருக்கிறது. 1961 மார்ச்சில் ஜெனீவாக் கண்காட்சியில் அதை ஓட்டிப் பார்க்கக் கூட்டம் நெருக்கியடித்தபோது, நார்மன் டூயிஸ் என்ற சோதனை ஓட்டுநர் இன்னொரு காரை கவென்ட்ரியிலிருந்து இரவோடிரவாக ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார். லாரியில் ஏற்றி அனுப்பவில்லை. அந்தக் காரைச் செய்தவர்களுக்கு அது தூரம் போகும் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. சந்தேகமெல்லாம் அறுபது வருடம் கழித்து அதை வாங்கியவர்களுக்குத்தான். இவையெல்லாம் கம்பெனி மெக்கானிக்குகள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட வண்டிகள் என்று மறுக்கலாம். மறுப்பு சரி. ஆனால் அந்த எஞ்சின் கடையில் விற்ற எஞ்சினின் உடன்பிறப்பு. நாமும் அதை 84 மணி நேரம் விரட்டப் போவதில்லை. ஸ்காட்லாந்து வரை போய், நடுவில் நாலு முறை டீ குடிக்கப் போகிறோம்.

அடுத்தது சத்தம். நாலாவது கியரில் மணிக்கு 70 மைல் போனால் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3900 சுற்று சுற்றும்; மாவு மில்லுக்குள் உட்கார்ந்து பயணம் செய்வது போலத்தான் இருக்கும். இதற்கு ஓவர்டிரைவ் என்று ஒரு மருந்து இருந்தது. பொத்தானைத் தட்டினால் அதே வேகத்துக்கு 3100 சுற்று போதும், மாவு மில் தையல் மிஷினாகிவிடும். ஆரம்பத்தில் அதற்குத் தனிக் காசு கேட்டார்கள். இதில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு ஓவர்டிரைவால் நயாபைசா பிரயோசனமில்லை. இருந்தும் வாங்கினார்கள் என்றால், அந்தக் காலத்து மனிதர்கள் அதை எதற்கு வாங்கினார்கள் என்று தெரிகிறது. 1965-இல் இத்தாலியின் பினின்ஃபரினா கைவைத்து, மேலே நிரந்தரக் கூரையும் பின்னால் தூக்கித் திறக்கும் கதவுமாக ஒரு வகை வந்தது. அதன் பெயரிலேயே ஜி.டி. இருக்கிறது. கிரான் டூரிஸ்மோ, அதாவது பெரும் சுற்றுலா. பின்சீட்டு என்று ஒன்றையும் அதில் வைத்தார்கள். கால் இல்லாத மனிதர்கள் வசதியாக உட்காரலாம். பெட்டிகளுக்குக் கால் கிடையாது என்பதால் அதுவும் தூரப் பயணத்துக்குத் தோதுதான்.

கூரையில்லாத வகையில் சாமான் வைக்க இடமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். டிக்கியின் பெரும்பகுதியை ஸ்டெப்னி பிடித்துக்கொள்ளும். இங்கே ஒரு கிளைக்கதை: வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் பிறந்த மாற்றுச் சக்கரம், பிரிட்டனில் பெயரை இழந்துவிட்டு, நம் டயர் கடைகளில் இன்னும் ஸ்டெப்னியாகவே வாழ்கிறது. ஆனால் இன்றைய புதுக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது. பஞ்சரானால் ஒரு டப்பா பசையும் வாழ்த்துகளும் கொடுத்து அனுப்புகிறார்கள். இடத்தை அடைத்துக்கொள்ளும் சக்கரத்தைத் திட்டுவதற்கு முன் அதை யோசிக்கலாம். மழைக்கு வருவோம். ஆரம்பகால வண்டிகளில் ஒருவகைத் துணிக்கூரையை, கம்பிகளைக் கோர்த்து, துணியை இழுத்து மாட்டி, பந்தல்காரர் வேலை மாதிரி கட்ட வேண்டும். கட்டி முடிப்பதற்குள் மழை விட்டுவிடும் என்பது அதன் வசதி. ஹீட்டருக்கும் அன்று தனிக் காசுதான். கோடையில் மட்டும் கியர்பாக்ஸ் பக்கமிருந்து கேட்காமலே, இலவசமாகச் சூடு வரும். இவ்வளவும் அசௌகரியந்தான், மறைக்கவில்லை. ஆனால் நனைவதற்கு நாலு மைலே போதும். மழைக்கு மைல்கணக்குத் தெரியாது.

"வழியில் நின்றுவிட்டால்?" என்பது எல்லோரிடமும் தயாராக இருக்கும் கேள்வி. நிற்கும். பாயிண்ட், கண்டன்சர், ரோட்டார், ஃபேன் பெல்ட், தண்ணீர்க் குழாய் என்று ஒரு டிபன் டப்பாவுக்குள் அடங்கும் சாமான்களோடு போனால், நின்ற இடத்திலேயே பெரும்பாலும் கிளப்பிவிடலாம். 5 லட்சம் கார் செய்ததன் புண்ணியத்தில் பாகம் கிடைக்காத கவலை இல்லை. 1988-இலிருந்து இதன் முழு பாடியையே புதிதாக அடித்துக் கொடுக்கிறார்கள். முன்சக்கரக் கிங்பின்னுக்கு 3000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனால் அது லண்டனிலிருந்து இத்தாலியின் தென்கோடிக்குப் போய்த் திரும்பும் தூரம். எட்டு மைல்காரருக்கு அந்தக் கெடு வர முப்பது வருடம் ஆகும். அதற்குள் கிரீஸ் மெழுகாகியிருக்கும்.

எதிர்க்கட்சியிடம் வலுவான வாதம் ஒன்றுண்டு: பாதுகாப்பு. ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை, கதவு மெல்லிய தகரம், பக்கத்தில் வரும் லாரியின் சக்கரம் தலைக்கு மேலே சுற்றுகிறது. இதைச் சிரித்து மழுப்ப முடியாது. மோட்டார்வேயை விட்டு உள்சாலைகளில் போங்கள், இருட்டுமுன் ஒதுங்குங்கள் என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இதுவும் போதாது என்பவர்கள் காரை விற்றுவிடுவது நேர்மை. எல்லாப் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் என் வாதம் பொருந்தும் என்றும் சொல்லவில்லை. லோட்டஸ் செவனில் பல்துலக்கும் பிரஷ் கொண்டுபோகலாம், பற்பசையைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். டிரையம்ஃப் ஸ்டாக் கொதிப்பதற்கே பேர்போனது.

இவ்வளவுக்கும் அரசாங்கமும் இன்ஷூரன்ஸ்காரர்களும் எட்டு மைல்காரர் பக்கம்தான். நாற்பது வயது கடந்த காருக்குச் சாலை வரி கிடையாது. 2018-லிருந்து ஆண்டுப் பரிசோதனையும் கட்டாயமில்லை. பெரியவருக்கு இலவச பஸ் பாஸ் கொடுத்துவிட்டு, மருத்துவப் பரிசோதனையை ரத்து செய்வது போன்ற அன்பு. வருடத்துக்கு இத்தனை மைலுக்கு மேல் ஓட்டமாட்டேன் என்று எழுதிக்கொடுத்தால் இன்ஷூரன்ஸ் கட்டணம் குறைகிறது. காரைக் கெடுப்பதற்குத் தள்ளுபடி.

கடைசியாக ஒரு நியாயமான ஆட்சேபம் மிச்சமிருக்கிறது. எவ்வளவு தூரம் போவதானாலும் முதல் எட்டு மைலைத் தாண்டித்தானே ஆக வேண்டும்? ஆமாம், அந்த எட்டு மைல்தான் ஆபத்தே. பழைய எம்.ஜி.பி.யின் விசிறியை எஞ்சினே பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. நெரிசலில் எஞ்சின் மெதுவானால் விசிறியும் சோம்பும், முள் ஏறும். திறந்த சாலையில் விசிறி வேலையைக் காற்றே பார்த்துக்கொள்ளும். லண்டன்வாசி ஒருவர் எடின்பரோ போனால் நடுவிலுள்ள 380 மைலுக்குப் பயப்பட வேண்டியதில்லை, இரு முனையிலும் உள்ள பத்துப் பத்து மைலுக்குத்தான் நேர்ந்துகொள்ள வேண்டும். போய்ச் சேர்ந்து ஹோட்டல் வாசலில் எஞ்சினை அணைத்ததும் இன்னொன்று நடக்கும். கார்புரேட்டருக்குக் கீழேயே கொதிக்கும் எக்ஸாஸ்ட் குழாய். அந்தச் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி, உடனே மறுபடி கிளப்பினால் கிளம்பாது. இருபது நிமிடம் ஆறவிட வேண்டும். "இங்கே நிறுத்தக் கூடாது சார், பின்பக்கம் நூறடி தள்ளி நிறுத்துங்க" என்று ஹோட்டல் காவலாளி வந்து நிற்பது சரியாக அந்த இருபது நிமிடத்துக்குள்தான்.