மின் ஆட்டோவும் வீட்டு ஆம்ப்ளிபயரும்: சப்ரகமுவத் தோட்டப் பாதைகளை முன்வைத்து ஓர் ஒலியியல் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

டூ ஸ்ட்ரோக் ஆட்டோ ஓடிய காலத்தில் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் சத்தத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பலாங்கொடைப் பக்கத்து மேட்டில் வண்டி ஏறினால், முதலில் சத்தம் லயத்துக்கு வந்து சேரும். வண்டி ஆறுதலாகப் பின்னால் வரும். மின்சார ஆட்டோ இந்த ஒழுங்கைக் குலைத்துவிட்டது. கொழுந்துக் கூடையோடு மடுவத்துக்கு நடக்கும் அம்மாவின் குதிகாலில் வந்து நின்ற பிறகுதான் அப்படியொரு வண்டி இருப்பதே தெரிகிறது. "ஏன் தம்பி, ஒரு சத்தங்கித்தம் போட்டுக்கிட்டு வரக்கூடாதா? உசுரே போயிருச்சு!" என்ற கண்டனமே இத்துறையின் மூல ஆவணம்.

2. முன்னோர் கருத்து

இதே கண்டனத்தை ஜெனீவாக்காரர்கள் சற்று நீட்டி எழுதி, ஐ.நா.வின் 138ஆம் இலக்க ஒழுங்குவிதி என்று பெயரிட்டு 2016இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். அதன்படி மின்சார வாகனம் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகம் வரை செயற்கை ஒலி எழுப்ப வேண்டும். 20இல் குறைந்தது 56 டெசிபெல். அதற்கு மேல் டயர்ச் சத்தமே போதுமாம். இவ்விதி நான்கு சக்கரத்தாருக்கு மட்டும் உரியது. மூன்று சக்கரத்தாரை அது கண்டுகொள்ளவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தது தோட்டத்து இளைஞர்களின் ஆம்ப்ளிபயர். தொழிற்சாலை ரோட்டின் குழிகளில் எந்த ஆட்டோவும் 20ஐத் தாண்டாது என்பதால் இங்கே பாட்டும் நிற்பதில்லை.

முன்மாதிரி நம் நாட்டிலேயே உண்டு. சூன் பாண் ஆட்டோ வருவதை பேத்தோவனின் 'ஃபூர் எலீஸ்' இசையே ஊருக்கு அறிவிக்கிறது. பேத்தோவன் மறைந்தது 1827இல். ஓம் தமது மின்விதியை நூலாக வெளியிட்டதும் 1827இல். இவ்விருவரின் சந்திப்பு ஒரு பாண் ஆட்டோவில் நிகழ்ந்ததை இசை வரலாற்றாளர்கள் இதுவரை கவனிக்கவில்லை.

3. செய்முறை

பழைய எல்.ஏ. 4440 ஐசி ஒன்று. கழித்த கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய அலுமினியத் தகடு, சூடு தணிய. தேயிலைப் பெட்டிப் பலகையில் அடித்த ஸ்பீக்கர் பாக்ஸ். கேகாலைப் பக்கமானால் பாக்ஸின் விளிம்பு அதிராதிருக்க ரப்பர் சீட் துண்டு இலவசம். பிரிட்ஜ் முறையில் இந்த ஐசி ஏறக்குறைய 19 வாட் தரும். பாக்ஸின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோ 1000 வாட் என்கிறது. 4 ஓம் ஸ்பீக்கருக்கு 1000 வாட் கொடுக்க உச்சத்தில் 90 வோல்ட் வேண்டும். ஐசிக்குக் கிடைப்பது 12. ஓம் பொய் சொல்லியிருக்க வேண்டும், அல்லது ஸ்டிக்கர். தோட்டத்துப் பொதுக்கருத்து ஸ்டிக்கர் பக்கமே.

4. இரு கொள்கைகள்

வண்டியின் 48 வோல்ட்டிலிருந்து 12ஐ எடுப்பது எப்படி என்பதில் அறிஞர்கள் இரண்டுபட்டுள்ளனர். தொடராகப் பூட்டிய நாலு ஈய பற்றரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்தால் போதும் என்பர் ஒருசாரார். அண்ணன் தம்பி நால்வரில் ஒருவன் சம்பளத்தில் மட்டும் குடும்பம் நடத்துவது போன்றது இது: அந்த ஒரு பற்றரி முதலில் வற்றும், சார்ஜ் ஏற்றும்போது மற்ற மூன்றும் நிறைந்து வழிய, அது மட்டும் அரைவயிற்றோடு கிடக்கும், கடைசியில் நாலும் படுக்கும். மறுசாரார் நாலுக்கும் பொதுவாக டிசி கன்வேர்ட்டர் பூட்டுவோர். செலவு அதிகம், கொள்கை சுத்தம்.

5. எதிர்பாராத கண்டுபிடிப்பு

எர்த் வயர்களை ஒரே புள்ளியில் சேர்க்காமல் கண்ட இடத்தில் முறுக்கினால், மோட்டார் கன்ட்ரோலரின் கீச்சொலி பாட்டுக்குள் புகுந்துவிடும். அக்ஸலரேட்டரை முறுக்க முறுக்க அதன் சுருதியும் ஏறும். பாஸ்மார் இதைக் கோளாறு என்பார்கள். ஆனால் வேகம் கூடக் கூடச் சுருதியும் ஏற வேண்டும் என்பது 138ஆம் விதியின் நிபந்தனை. ஜெனீவா பணம் செலவழித்துப் பெற்றதை நம்மவர்கள் வயரிங் சரியில்லாததாலேயே பெற்றுவிட்டனர்.

6. மறுப்பும் விடையும்

பாட்டு பற்றரியைத் தின்னாதா? ஆட்டோ ஒரு கிலோமீற்றர் ஓட ஏறத்தாழ 50 வாட்-மணி வேண்டும். மேட்டில் இன்னும் அதிகம். 19 வாட் ஆம்ப்ளிபயர் ஒரு மணி நேரம் பாடினாலும் ஒரு கிலோமீற்றர் ஓட்டத்துக்கான மின்சாரத்தைத் தின்று முடிக்காது. பற்றரியைத் தின்பது இறக்குவானை மேடும், மூன்று பேர் இடத்தில் ஏறும் ஆறு பேரும்.

7. முடிவும் பரிந்துரையும்

ஆம்ப்ளிபயர் ஆடம்பரம் அல்ல, பாதசாரிப் பாதுகாப்பு. இன்ன பாட்டென்றால் இன்னார் ஆட்டோ என்று லயமே அறியும். இதனால் பாதிப்படைவது ஒரே வகுப்பினர்தான்: கடைக் கொப்பியில் பாக்கி ஏறிப்போன டிரைவர்கள். சம்பள நாள் வரை அவர்கள் கடை வாசலைச் சத்தமில்லாமல் கடந்துபோக விதிவிலக்கு அளிக்கலாம்.