காலே மாகாணி

போன சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டிய வேலை. இன்று வியாழன். கிராஷ் கார்டு ஹாலில் சோபாவுக்குப் பின்னால் நிற்கிறது. மனைவி அதில் துண்டு காயப்போட ஆரம்பித்துவிட்டாள்.

பழைய புல்லட்டுக்கு கார்டு மாட்ட எந்த போல்ட்டு சரி என்பதை இந்தக் கட்டுரையிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் மச்சினன் கணக்கைத் தீர்க்க வேண்டும். சென்னை ஜி.பி. ரோட்டில் தேடிப் பிடித்து, லுங்கியில் சுற்றி, ஹீத்ரோ வரைக்கும் கார்டைச் சுமந்துவந்தான். நன்றி. ஆனால் பெட்டி எடை கூடியதும் மீனம்பாக்கத்திலேயே போல்ட்டுப் பையை எடுத்து அவன் அப்பா கையில் கொடுத்துவிட்டான். முறுக்கை எடுக்கவில்லை. கேட்டதற்கு, "என்ன மாமா, லண்டன்ல போல்ட்டு கெடைக்காதா?" என்றான்.

கிடைக்கும். ஹவுன்ஸ்லோவில் ஒரு கடையில் ஒரு சுவர் முழுக்கத் தொங்கியது. கடைப் பையன் என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எம்-எய்ட் போடுங்க அங்கிள், எல்லாம் ஒண்ணுதான்" என்றான்.

ஒண்ணுதானாம். எம்-எய்ட் என்றால் 8 மில்லிமீட்டர். என் வண்டி கேட்பது 5/16 அங்குலம், அதாவது 7.94. என் தாத்தாவாக இருந்தால் 'காலே மாகாணி' என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்திருப்பார். கால் அங்குலம், கூட ஒரு மாகாணி. நமக்கு அங்குலத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் இன்னமும் ரோட்டை மைலிலும் பீரை பைண்டிலும்தான் அளக்கிறார்கள். நாம் 1957-லேயே நயா பைசாவுக்கு மாறினோம், இவர்கள் காசைப் பத்தால் வகுக்க 1971 ஆனது. போல்ட்டில் மட்டும் இவர்களுக்கு எங்கிருந்துதான் இந்த முன்னேற்றம் வந்ததோ!

வண்டி 1981 மாடல். இங்கிலாந்தின் ரெட்டிட்ச்சில் போட்ட வரைபடம், திருவொற்றியூரில் எடுத்த பிறவி. ரெட்டிட்ச் தொழிற்சாலை 1967-இல் மூடியது. பத்து வருஷம் கழித்து நம் ஆட்கள் அதே புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள், கொல்லத் தெருவில் ஊசி விற்ற கதையாக. நாற்பது வயது தாண்டிய வண்டி என்பதால் சாலை வரி இல்லை, எம்.ஓ.டி. சோதனை இல்லை, யூலெஸ் புகைக் கட்டணம் இல்லை. போல்ட்டும் இல்லை.

போல்ட்டுக்கும் நட்டுக்கும் பொருத்தம் பார்ப்பதை லேசாக நினைக்காதீர்கள். முதலில் தினப் பொருத்தம், அதாவது விட்டம். பேர் ராசிக்குப் பார்ப்பவர்கள் இதோடு முடித்துவிடுவார்கள்: பையன் 5/16, பெண் 5/16, தட்டை மாற்று. பொறுங்கள், கணம் பார்க்க வேண்டும். அங்குலத்துக்கு எத்தனை மரை? 5/16 என்ற இதே பெயரில் விட்வர்த் வீட்டுப் பிள்ளைக்கு 18, பி.எஸ்.எஃப். வீட்டில் 22, அமெரிக்கச் சம்பந்தமான யு.என்.எஃப்.-இல் 24, சைக்கிள்காரர் வம்சமான சி.இ.ஐ.-யில் 26. 22-க்குள் 24 முதல் சுற்று சிரித்துக்கொண்டே போவான், மூன்றாவது சுற்றில்தான் மாமியார் வீடு தெரியும். கணம் சேர்ந்தாலும் கோத்திரம் உதைக்கும். விட்வர்த்துக்கும் அமெரிக்க யு.என்.சி.க்கும் அதே 18 மரைதான், ஆனால் மரையின் கோணம் 1841-லிருந்து விட்வர்த்துக்கு 55 டிகிரி, மற்றவருக்கு 60. வெளியே குடித்தனம் நடக்கும், உள்ளே உரசல். அடுத்தது நீளம். நீளம் மட்டும் போதாது. கார்டும் என்ஜின் தட்டும் ஒட்டுகிற இடத்தில் மரையில்லாத மொட்டைத் தண்டு வர வேண்டும். மரை வந்தால் அடி விழும்போது அங்கேதான் வெட்டுப்படும். கடையில் தொங்குவதோ உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை மரை. பிறகு ரஜ்ஜு. தலையில் 8.8 என்று பொறித்திருந்தால் 800 மெகாபாஸ்கல் இழுவை தாங்கும், 640 வரைக்கும் நிரந்தரமாக நீளாது. பளபள எவர்சில்வர் ஏ2-70-க்கு 700தான். ஆனால் மாப்பிள்ளைக் களை அதற்குத்தான். எவர்சில்வர் போல்ட்டும் எவர்சில்வர் நட்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டால் விவாகரத்து கிடையாது, ரம்பம்தான். 8.8-க்கு துரு தோஷம் உண்டு, பரிகாரம் துத்தநாகப் பூச்சு. நாகமே பரிகாரமாகிற ஒரே ஜாதகம் இதுதான். வசியம் என்பது ஸ்பேனர். 1/4 விட்வர்த் என்று எழுதிய ஸ்பேனர்தான் 5/16 பி.எஸ்.எஃப். தலைக்குச் சேரும். தலை 13.3 மில்லிமீட்டர். 13 ஸ்பேனர் நுழையாது, 14 நுழைந்து மூலையை மழித்துவிடும். இன்னும் நாலு பொருத்தம் இருக்கிறது, அதையும்...

தலைக்கு மேல் விமானம் போனது. ஹவுன்ஸ்லோவில் எந்த வாக்கியத்தையும் முழுசாகச் சொல்ல முடியாது.

இதே ஹவுன்ஸ்லோ ஹீத்தில்தான் 1784-இல் ஜெனரல் வில்லியம் ராய் ஐந்து மைல் நேர்கோட்டை அளந்தார். மரக்கோல் ஈரத்தில் ஊதுகிறது என்று தூக்கிப் போட்டுவிட்டு, கண்ணாடிக் குழாய்களை வரிசையாக வைத்து அளந்து, 27,404 அடி சொச்சம் என்றார். 1802-இல் லாம்டன் நம் பரங்கிமலைப் பக்கம் கோடு போட்டு இந்தியாவையே அளக்கத் தொடங்கினார். இரண்டு ஊரிலும் குடியிருந்தவன் நான். 0.06 மில்லிமீட்டர் என்னை மண்ணைக் கவ்வ வைத்துவிட்டது.

ஆமாம், எம்-எய்ட்டை முடுக்கினேன். என்ஜின் முன்தட்டின் பின்னால் யாரோ புண்ணியவான் நட்டை வெல்டு வைத்திருக்கிறார். இரண்டு சுற்று போய் நின்றது. நீங்கள் என்ன செய்வீர்களோ அதையேதான் நானும் செய்தேன். நீளமான பிடி போட்டு இன்னும் அரைச் சுற்று. முதல் மூன்று மரை ஓடிவிட்டது. மனைவி வந்து பார்த்துவிட்டு, மரை கழண்டது எங்கே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

பழைய போல்ட்டை வைத்து மரையை எண்ணினால் தீர்ந்தது. அதையும் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன், உங்கள் வீட்டில் ஊசி நூல் இருக்குமே, அந்த நீல வெண்ணெய் பிஸ்கட் டின்னில். பதினேழு வருஷமாக எதையும் வெளியே போடாமல் சேர்த்த டின். நேற்று பேப்பர் விரித்துக் கொட்டினேன். காலே மாகாணி கனத்தில் மட்டும் நாற்பத்தொரு போல்ட்டு. எல்லாம் ஒரே துரு நிறம்.

அதனால் ஒரு வேண்டுகோள். சென்னையிலிருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால், 5/16-இல் மூன்றரை அங்குல போல்ட்டு, நட்டோடு, இரண்டு கொண்டுவாருங்கள். 22 மரையா 26 மரையா என்று கேட்காதீர்கள், இரண்டிலும் இரண்டிரண்டு போதும். ஹவுன்ஸ்லோ ஈஸ்ட் ஸ்டேஷனுக்கு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். சேராதது வீணாகாது, டின்னில் இடம் இருக்கிறது.