ஸ்டாண்டு இல்லாத சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தருமபுரி நாலு ரோட்டில் விழித்திருக்கிற எல்லோருக்கும் ஏதோ ஒரு வேலை இருக்கும். பூக்கூடை இறக்குகிறவர், முதல் பஸ்ஸுக்கு ஓடுகிறவர், டீக்கடையில் பாலை அடுப்பில் ஏற்றுகிறவர். வேலையே இல்லாமல் அலாரம் வைத்து எழுந்து வந்தவர் ஒரே ஒருவர்தான். தலையில் பரங்கிக்காயைக் கீறி வைத்தது போல ஒரு ஹெல்மெட், கண் கூசும் பச்சையில் ஒரு சட்டை, உட்காருகிற இடத்தில் மெத்தை வைத்துத் தைத்த ஒரு டவுசர். ஊரே அறிந்த மனிதர். ஆனாலும் இந்த உடையில் இருக்கும்போது யாரும் அவருக்கு வணக்கம் சொல்வதில்லை. பார்க்காத மாதிரி போய்விடுவதுதான் மரியாதை என்று நினைக்கிறார்கள்.

நம்மவருக்கு வயது நாற்பத்தைந்தைச் சுற்றி இருக்கும். வங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ ஓசூர் கம்பெனியிலோ உத்தியோகம். சர்க்கரை பார்டரில் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன வாரமே சைக்கிள் வாங்கிவிட்டார். விலையை வீட்டில் பாதியாகக் குறைத்துச் சொன்னார். அந்தப் பாதிக்கே நான்கு நாள் ரசம் சோறுதான்.

அவர் பந்தயக்காரர் அல்ல. நீங்கள் கேட்பதற்கு முன்னால் அவரே இதைச் சொல்லிவிடுவார். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் ஓட்டி முடிக்கிற பி.ஆர்.எம். சவாரிக்காரர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், “அதெல்லாம் வெறிங்க. நமக்கு நிதானமா, ஆத்தோரமா, ஊர் ஊரா பாத்துக்கிட்டு போவணும்” என்பார். கையோடு செல்பேசியை எடுத்து ஒரு படம் காட்டுவார். ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை டானூப் கரையை ஒட்டியே ஓடும் சைக்கிள் பாதை. அட்லாண்டிக் கடலிலிருந்து கருங்கடல் வரை ஐரோப்பாவைக் குறுக்கே வெட்டிப் போகிற ‘யூரோவெலோ 6’ வழித்தடத்தில் அது ஒரு துண்டு. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் திராட்சைத் தோட்டம், நடுவில் வழுவழு பாதை. “நம்ம மாவட்டத்துலயும் காவிரி ஓடுது, தென்பெண்ணை ஓடுது. நமக்கு என்ன கொறச்சல்?” என்று முடிப்பார்.

குறைச்சல் ஒன்றுதான். காவிரி இந்த மாவட்டத்தில் ரோட்டோடு பேசுவதில்லை. பிலிகுண்டுலுவைத் தாண்டி மலைக்கும் காட்டுக்கும் நடுவில் புகுந்து வருகிற ஆறு, ஒகேனக்கல்லில் ஒரு தடவை முகத்தைக் காட்டும். அப்புறம் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பாக அகன்று, நாகமரை, ஒட்டனூர் பக்கம் ஏரி மாதிரிப் படுத்துக்கொள்ளும். ஆற்றோரமாகவே சைக்கிளில் போகலாம் என்று கிளம்புகிறவர் ஆற்றைத் தேடித்தான் போயாக வேண்டும். ரோடு எங்கே முடிகிறதோ அங்கேதான் ஆறு.

அதனால் முதல் சவாரி எல்லோருக்கும் ஒகேனக்கல்தான். பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டிக் காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்குகிற பாதையில் நம்மவர் மிதிப்பதே இல்லை. காற்று முகத்தில் அடிக்க, டானூப்காரனை மனதில் பரிதாபமாகப் பார்த்தபடி இறங்குகிறார். வழியில் குரங்குகள் அவருடைய சத்து மிட்டாயைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, காகிதத்தைத் திருப்பித் தருகின்றன. கீழே அருவி, பரிசல், எண்ணெய் மசாஜ், வறுத்த மீன் எல்லாம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான், இறங்கியதெல்லாம் ஏறவும் வேண்டும் என்பது நினைவுக்கு வருகிறது. யானைகள் கடக்கும் பகுதி என்று வனத்துறை பலகை வைத்திருக்கிற காடு அது. நம்மவர் அங்கே யானையை இதுவரை பார்த்ததில்லை. ஆனால் திரும்பும்போது ஒவ்வொரு தடவையும் குட்டியானையில்தான் ஏறி வருகிறார், சைக்கிளைத் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் படுக்கப் போட்டு. ஒரு தடவை செல்பேசியில் சவாரியைப் பதிகிற ஸ்ட்ராவா செயலியை நிறுத்த மறந்துவிட்டார். மலை ஏற்றத்தில் மணிக்கு 38 கிலோமீட்டர் என்று அது பதிவு செய்துகொண்டது. நண்பர்கள் கட்டைவிரல் காட்டி வாழ்த்தினார்கள். அதை அவர் இன்னும் அழிக்கவில்லை.

தென்பெண்ணை கொஞ்சம் தாராளமான ஆறு. திருப்பத்தூர் சாலையில் இருமத்தூர் பாலத்தில் பார்க்கலாம்; அரூரிலிருந்து ஊத்தங்கரை போகிற வழியில் அனுமன்தீர்த்தத்திலும் பார்க்கலாம். அனுமன்தீர்த்தத்துக்கு ஒரு கதை உண்டு. தீர்த்தமலையில் ராமர் சிவபூஜைக்கு உட்கார, தீர்த்தம் கொண்டுவரப் போன அனுமன் நேரத்துக்கு வந்து சேரவில்லை. ராமர் அம்பு விட்டு மலையிலேயே ஊற்றை வரவழைத்துக்கொண்டார். தாமதமாக வந்த அனுமன் கோபத்தில் வீசியெறிந்த நீர் விழுந்த இடம்தான் இது என்பது ஐதிகம். நேரத்துக்கு எதிராக ஓடித் தோற்றவரின் துறை. நிதானத்தைத் தேடி வருகிற நம்மவர் அந்தக் கரையில் நின்று, சராசரி வேகம் ஏன் பதினேழுக்கு இறங்கியது என்று செல்பேசியைக் குடைந்துகொண்டிருப்பார்.

இருமத்தூர்ப் பக்கத்து டீக்கடை ஒன்றில் ஒரு நாள் அவருக்கு விசாரணை நடந்தது. சைக்கிளைச் சாய்த்து வைக்க இடம் தேடி, புளியமரம், கடைப் பலகை, தண்ணீர்க் குடம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டார்.

“ஸ்டாண்டு எங்க சாமி?”

“இதுல வராதுங்க ஐயா.”

“மட்கார்டு?”

“அதுவும் கெடையாதுங்க.”

“கேரியரு?”

“வெச்சா எடை கூடிடுங்க.”

பெரியவர் ஒரு வாய் டீ குடித்தார். சைக்கிளை இன்னொரு தடவை முன்னும் பின்னும் பார்த்தார். “பெல்லுகூட இல்லியே. கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான் கண்ணு. பில்லு இருந்தா எடுத்துக்கிட்டுப் போய்க் கேளு.”

பெரியவரின் சைக்கிள் பக்கத்தில் ஸ்டாண்டு போட்டுக் கம்பீரமாக நின்றது. பின்னால் சோளத்தட்டுக் கட்டு, முன்னால் கம்பிக் கூடை. பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசாங்க சைக்கிள். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கிற எல்லோருக்கும் விரிந்த திட்டம். பேத்தி கல்லூரிக்குப் பஸ்ஸில் போகத் தொடங்கியதும் சைக்கிள் தாத்தாவிடம் வந்துவிட்டது. இப்போது மாட்டுத் தீவனம் சுமக்கிறது. நம்மவர் சைக்கிளில் இல்லாதது எல்லாம் அதில் இருந்தது. விலையைக் கேட்டபோது நம்மவர் வீட்டில் சொன்ன பாதியைச் சொல்லவில்லை. அதிலும் பாதியைச் சொன்னார். அதற்கே பெஞ்சு அமைதியாகிவிட்டது.

அன்றைக்கே ஊர் தாண்டுவதற்குள் பஞ்சர். நெருஞ்சி முள். அந்தச் செடிக்கு ஆங்கிலத்தில் ‘பஞ்சர் கொடி’ என்றே ஒரு பெயர் இருக்கிறது, சும்மா வைக்கவில்லை. மாற்று டியூப் வைத்திருந்தார், மாட்டவும் தெரிந்தது. பம்புதான் வீட்டில் அலமாரிக்கு மேலே இருந்தது. ஊர்ப் பஞ்சர் கடைக்காரர் கம்ப்ரசரைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். இந்த டியூபின் மவுத் ஊசி மாதிரி ஒல்லி. அவருடைய குழாய் பிடிக்கவில்லை. நடுவில் மாட்டுகிற சுண்டுவிரல் நுனி அளவுப் பித்தளைத் திருகு ஒன்று இருந்தால் போதும். அதுவும் அலமாரிக்கு மேலேதான்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். காலணியின் அடியில் பெடலில் பூட்டிக்கொள்ளும் இரும்புத் தகடு இருப்பதால், லாடம் அடித்த மாடு போல டக் டக் என்று சத்தம். சாலை ஓரத்துப் புளியமர நிழலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாவட்டத்தின் பெரிய வியாபாரங்களில் ஒன்று அது. இத்தனை ஞாயிற்றுக்கிழமை அதே வழியில் போயும் அவர் கண்ணில் அது பட்டதில்லை. ஒரு அம்மா அவருடைய டவுசரைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு, “எங்கிருந்து வர்ற சாமி, இந்த வெயில்ல?” என்று கேட்டார். குழாயடியிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரும் கொடுத்தார். நம்மவர் தயங்கினார். இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்று அவருக்குத் தெரியும்.

“பயப்படாமக் குடி. ஒகேனக்கல் தண்ணிதான்.”

ஜப்பான் கடனுதவியில் போட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரி குழாயில் போகிறது. எந்த ஆற்றைப் பார்க்க அவர் மலை இறங்கி, குட்டியானையில் மலை ஏறினாரோ, அது இங்கே மேடு பள்ளம் பார்க்காமல் வந்து குழாயடியில் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது சொம்பும் வாங்கிக் குடித்தார்.

அடுத்த வாரம் நாகமரையாம். அங்கே சைக்கிளைப் படகில் ஏற்றி அக்கரைப் பண்ணவாடிக்குப் போய், மேட்டூரில் தண்ணீர் இறங்கியிருந்தால் வெளியே தெரிகிற பழைய நந்தியையும் தேவாலயக் கோபுரத்தையும் பார்ப்பதாகத் திட்டம். உங்கள் ஊர் வழியாகத்தான் வருவார். தண்ணீர் கேட்டால் கொடுங்கள், சைக்கிள் சாய்க்க ஒரு சுவரும் கொடுங்கள். விலையை மட்டும் கேட்டுவிடாதீர்கள்.